ஒரு மரபணுவை முதன்முதலாகப் படிப்பது எப்படி? ஆர்பி1-ஐ வைத்து ஒரு பயிற்சி

செல் சுழற்சியைப் பாடப்புத்தகத்தில் படித்து முடித்தவர்கள், அடுத்து ஒரு மரபணுவை எடுத்துத் தாங்களே தோண்டிப் பார்க்கலாம் என்று இறங்கும்போதுதான் திணறிப்போகிறார்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டால் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்து விழுகின்றன. தரவுத்தளத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க எண்களும் குறியீடுகளும். எதை முதலில் பார்ப்பது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று யாரும் சொல்வதில்லை. அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கணினி, இணையம், ஒரு நோட்டு, சில மாலைப்பொழுதுகள் போதும். இதில் வரும் தரவுத்தளங்கள் எல்லாமே இலவசம்.

பயிற்சிக்கு ஆர்பி1 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். செல் ஒன்று இரண்டாகப் பிரியலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் மரபணு இது. கட்டி உருவாகாமல் தடுக்கும் மரபணுக்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதும் இதுதான், ஆண்டு 1986. குழந்தைகளின் கண்ணில் வரும் ஓர் அரிய புற்றுநோயில் தொடங்கிய ஆராய்ச்சி, இன்று மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை வரை வந்திருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல மரபணு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மரபணு முழுதாக இருக்கிறதா? அதிலிருந்து புரதம் உருவாகிறதா? உருவான புரதம் இந்த நேரத்தில் வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா? கேட்க ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்றும் வேறு வேறு. ஒவ்வொரு தகவல் கைக்கு வரும்போதும் அது இவற்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம்தான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது.

படி 1: பெயரைப் பிடியுங்கள், எண்ணை விடாதீர்கள்

மரபணுக்களுக்குப் பெயர் பல. ஆர்பி, பிஆர்பி, பி105 என்றெல்லாம் பழைய கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் இந்த மரபணுவின் புரதத்தைத்தான். ஆங்கிலத்தில் ஆர், பி என்ற இரண்டு பெரிய எழுத்துகளும் ஒட்டினாற்போல் 1 என்ற எண்ணும் சேர்ந்ததே மனித மரபணுவின் அதிகாரப்பூர்வக் குறியீடு. மரபணுவைச் சொல்லும்போது சாய்வெழுத்திலும் புரதத்தைச் சொல்லும்போது நேரெழுத்திலும் எழுதுவது வழக்கம். முதல் எழுத்து மட்டும் பெரியதாகவும் அடுத்தது சிறியதாகவும் இருந்தால் அது எலியின் மரபணு. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காமல் எலியில் செய்த சோதனையை மனிதரில் கண்டதாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

அமெரிக்காவின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ தளத்தின் ஜீன் பகுதியில் பெயரைக் கொடுத்துத் தேடினால் எலி, சுண்டெலி, கோழி என்று வரிசையாக வரும். மனிதருக்கான பதிவின் எண் 5925. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் இதன் எண் பி06400. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறலாம், வேறொன்றின் பெயரோடு குழம்பலாம். எண் அப்படிக் குழம்பாது. ஆர்பிஎல்1, ஆர்பிஎல்2 என்று வருபவை இதே குடும்பத்து உறவினர்கள், வேறு மரபணுக்கள். ஆர்பி1சிசி1 என்று ஒன்று வரும். பெயர்தான் ஒட்டியிருக்கிறது, மரபணு தனி.

படி 2: இருப்பிடம்

ஆர்பி1 இருப்பது 13ஆவது குரோமோசோமின் நீண்ட கையில், 13கியூ14.2 என்ற பட்டையில். இதற்கு மேல் இந்தப் படியில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மனித மரபணுத் தொகுப்பின் மேற்கோள் வரிசைக்குப் பதிப்புகள் உண்டு. ஜிஆர்சிஎச்37 என்ற பழைய பதிப்பிலிருந்து ஜிஆர்சிஎச்38-க்கு வரும்போது ஆர்பி1-இன் இட எண்கள் 5,74,136 குறைகின்றன. மரபணு நகர்ந்துவிடவில்லை, எண்ணும் முறை திருத்தப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரு தளத்தில் எடுத்த இட எண்ணை இன்னொரு தளத்தில் ஒட்டும்போது பதிப்பைப் பார்க்காவிட்டால் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நிற்பீர்கள். இட எண் எழுதும் போதெல்லாம் பதிப்பையும் சேர்த்தே எழுதும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

இந்தப் படிக்குப் பேனா வேண்டும். ஆர்பி1 புரதத்தில் 928 அமினோ அமிலங்கள். ஓர் அமினோ அமிலத்துக்கு டிஎன்ஏவில் மூன்று எழுத்துகள் என்றால் 2,784. முடிவைச் சொல்லும் மூன்று எழுத்துகளையும் சேர்த்தால் 2,787. புரதத்துக்கான செய்தி அவ்வளவுதான். ஆனால் மரபணு குரோமோசோமில் நீண்டு கிடப்பதோ கிட்டத்தட்ட 1,78,000 எழுத்துகள் தூரத்துக்கு. நூறில் இரண்டு பங்குகூட புரதச் செய்தி இல்லை.

மீதி எங்கே? செய்தி 27 எக்ஸான்களாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. இடையில் இருப்பவை இன்ட்ரான்கள். என்செம்பில் தளத்தில் மரபணுவின் படத்தைத் திறந்து பாருங்கள்: குட்டிக் குட்டிப் பெட்டிகள் எக்ஸான்கள், நீளக் கோடுகள் இன்ட்ரான்கள். 17ஆவது எக்ஸானுக்கும் 18ஆவதற்கும் நடுவில் உள்ள கோடு கண்ணில் படாமல் போகாது. அந்த ஒரு இன்ட்ரான் மட்டும் 70,000 எழுத்துகளுக்கு மேல். மொத்த நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

இந்தக் கணக்கால் ஒரு பயன் உண்டு. செல் முதலில் எல்லாவற்றையும் ஆர்என்ஏவாகப் படியெடுத்து, பிறகு இன்ட்ரான்களை வெட்டியெறிந்து, எக்ஸான்களை ஒட்டுகிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் எழுத்துகள் எக்ஸானின் ஓரத்தில், பெரும்பாலும் இன்ட்ரானுக்குள் இருக்கின்றன. அங்கே ஓர் எழுத்து மாறினாலும் ஒட்டும் வேலை கெட்டுப்போகலாம். ஆக, புரதச் செய்தியில் பிழை ஏதும் இல்லை என்பதால் மட்டும் மரபணு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் பல எக்ஸான்கள் மொத்தமாகவே காணாமல் போயிருக்கும். எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனையில் அது தெரியாமல் தப்பிவிடும், அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

படி 4: புரதத்தின் உடலமைப்பு

யூனிப்ராட் பக்கத்துக்குப் போங்கள். கீழே இறங்கிக்கொண்டே வந்தால் புரதத்தின் பகுதிகள் எண்களோடு இருக்கும். 373 முதல் 771 வரை உள்ள பகுதிக்குப் பாக்கெட் என்று பெயர். அதற்குள் ஏ, பி என்று இரண்டு மடிப்புகள், நடுவில் ஓர் இணைப்பு. வேறு புரதங்கள் வந்து பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பாக்கெட்டைத்தான்.

அதே பக்கத்தில் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் கணித்த முப்பரிமாண வடிவமும் கிடைக்கும். நீல நிறம் கணிப்பு உறுதியாக இருக்கும் இடம், மஞ்சளும் ஆரஞ்சும் உறுதியில்லாத இடம். பாக்கெட் நீலத்தில் திடமாக நிற்கும். இணைப்புப் பகுதிகளும் வால்பகுதியில் பெரும்பங்கும் நூல்போலத் தொங்கும். உறுதியில்லாத இடம் முக்கியமில்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் புரதத்தின் நிலையை மாற்றும் பாஸ்பேட்டுகள் போய் ஒட்டும் இடங்களில் பெரும்பாலானவை அந்தத் தொங்கும் பகுதிகளில்தான் இருக்கின்றன.

படி 5: வேலை என்ன?

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற படிகளை ஒரே மாலையில் முடித்தாலும் இதற்கு மட்டும் ஒரு மாலையைத் தனியே ஒதுக்குங்கள்.

செல் சுழற்சியில் நான்கு கட்டங்கள்: வளர்ந்து தயாராகும் ஜி1, டிஎன்ஏவைப் படியெடுக்கும் எஸ், சரிபார்க்கும் ஜி2, பிரியும் எம். ஆய்வகத்தில் வளரும் மனித செல் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் நீண்ட பங்கு பெரும்பாலும் ஜி1-க்குத்தான். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்திகள் இந்தக் கட்டத்தில்தான் எடைபோடப்படுகின்றன. ஜி1-இன் பிற்பகுதியில் ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால், பிறகு வளர்ச்சிச் செய்தி நின்றுபோனாலும் செல் சுழற்சியை முடித்தே தீரும். 1974-இல் ஆர்தர் பார்டீ இதை விவரித்தார்; கட்டுப்பாட்டுப் புள்ளி என்ற பெயர் நிலைத்தது. அந்தப் புள்ளிக்குப் பொறுப்பான புரதங்களில் முதன்மையானது ஆர்பி.

அது செய்வது இதுதான். ஈ2எஃப் என்ற குடும்பத்துப் புரதங்கள் டிஎன்ஏவில் உட்கார்ந்து, எஸ் கட்டத்துக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கக் காத்திருக்கின்றன. ஆர்பி அவற்றைப் பாக்கெட்டில் பிடித்துவைத்துக்கொள்கிறது. கூடவே அந்த இடத்து டிஎன்ஏவை இறுக்கி மூடும் நொதிகளையும் வரவழைக்கிறது. வண்டியில் பிரேக் அழுத்தியிருப்பது போன்ற நிலை இது.

வளர்ச்சிச் செய்தி வந்ததும் சைக்ளின் டி என்ற புரதம் உருவாகிறது. அது சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்பியின்மீது பாஸ்பேட் ஒட்டுகிறது. சைக்ளின் ஈ, சிடிகே2 இரண்டும் சேர்ந்து பிறகு மேலும் பல பாஸ்பேட்டுகளை ஒட்டுகின்றன. இப்படி ஒட்டக்கூடிய இடங்கள் ஆர்பியில் பத்துக்கு மேல் இருக்கின்றன. ஒட்டிய பாஸ்பேட்டால் புரதத்தின் தொங்கும் பகுதிகள் மடிந்து வந்து பாக்கெட்டோடு முட்ட, பிடி தளர்ந்து ஈ2எஃப் விடுபடுகிறது. விடுபட்ட ஈ2எஃப் இயக்கும் மரபணுக்களில் ஒன்று சைக்ளின் ஈ. அதாவது இன்னும் சைக்ளின் ஈ, அதனால் இன்னும் பாஸ்பேட், அதனால் இன்னும் ஈ2எஃப். இந்தச் சுழல் ஒருமுறை வேகமெடுத்துவிட்டால் வெளிச்செய்தி தேவைப்படுவதில்லை. பார்டீ கண்ட திரும்ப முடியாத புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இயக்கம் இதுதான். செல் பிரிந்து முடிக்கும் நேரத்தில் பிபி1 என்ற நொதி பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. ஆர்பி மறுபடி பிடிக்கத் தொடங்குகிறது.

பழைய விளக்கப்படங்களில் சைக்ளின் டி முதலில் பாதி பாஸ்பேட்டை ஒட்டி ஆர்பியை அரைகுறையாகத் தளர்த்துவதாக இருக்கும். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு விதமாகக் காட்டியது: சைக்ளின் டி ஓர் ஆர்பி மூலக்கூறின்மீது ஒரே ஒரு பாஸ்பேட்டைத்தான் ஒட்டுகிறது, அந்த ஒற்றைப் பாஸ்பேட் ஆர்பி இன்னும் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறது, சைக்ளின் ஈ வரும்போதுதான் மொத்தமாக அவிழ்கிறது. பாடப்புத்தகப் படத்தை மனப்பாடம் செய்தவர்கள் புதிய கட்டுரைகளில் இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நோட்டை இப்போது எடுங்கள். சுழற்சி முழுவதும் ஆர்பி புரதம் செல்லில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. மாறுவது அதன்மேல் உள்ள பாஸ்பேட். ஆகவே ‘இந்தச் செல்லில் ஆர்பி1 நிறைய வெளிப்படுகிறது’ என்ற வரியைப் படித்தால் அதை இரண்டாவது கேள்விக்குக் கீழே எழுதுங்கள். மூன்றாவதற்குக் கீழே எழுத இடமே இல்லை.

படி 6: படத்தைப் படிக்கப் பழகுங்கள்

ஆர்பி பற்றிய ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் வெஸ்டர்ன் பிளாட் என்ற கறுப்புக் கோட்டுப் படம் ஒன்று இருக்கும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் காட்டும் முறை அது. ஆர்பியின் எடை சுமார் 106 கிலோடால்டன். பாஸ்பேட் ஏறிய ஆர்பி ஜெல்லில் மெதுவாக நகரும்; அதனால் கோடு சற்று மேலே தெரியும். ஒரே கோடு என்று நினைத்தது உற்றுப் பார்த்தால் இரண்டாக இருக்கும்: கீழே பாஸ்பேட் குறைந்தது, மேலே ஏறியது. செல்களுக்கு ஊட்டச் சீரத்தை நிறுத்திவிட்டு எடுத்த படத்தில் கீழ்க்கோடு தடிக்கும். சீரம் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்ததில் மேற்கோடு தடிக்கும். கோட்டின் ஓரத்தில் 807/811 அல்லது 780 என்று எண் போட்டிருந்தால், புரதத்தின் அந்த இடத்துச் செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் இருந்தால் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல கட்டுரையில் அதன் கீழேயே மொத்த ஆர்பியின் கோடும் இருக்கும். மொத்தத்தைக் காட்டாமல் பாஸ்பேட் கோடு மறைந்ததை மட்டும் காட்டினால் நம்பத் தயங்குங்கள்: பாஸ்பேட் போய்விட்டதா, புரதமே போய்விட்டதா என்று சொல்ல வழியில்லை.

படி 7: எதிரிகள் வழியாகப் புரிந்துகொள்வது

ஒரு புரதம் எவ்வளவு முக்கியம் என்பதை அதைக் குறிவைப்பவர்களைப் பார்த்தே கணிக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸ், அடினோவைரஸ், குரங்கு வைரஸான எஸ்வி40 மூன்றும் வேறு வேறு குடும்பத்து வைரஸ்கள். ஆனால் மூன்றும் ஆர்பியைச் செயலிழக்கச் செய்யும் புரதம் ஒன்றைத் தனித்தனியே வைத்திருக்கின்றன. வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க எஸ் கட்டத்துச் சரக்குகள் தேவை. ஓய்விலிருக்கும் செல்லில் அவை கிடைக்காது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். யூனிப்ராடில் பாப்பிலோமா வைரஸ் 16-ஆம் வகையின் ஈ7 புரதத்தைத் திறந்து, அதன் வரிசையில் 22 முதல் 26 வரை எண்ணிப் படியுங்கள். லியூசின், டைரோசின், சிஸ்டீன், டைரோசின், குளுட்டாமிக் அமிலம் என்று வரும். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது மூன்றும்தான் சாவி. இடையில் எது வந்தாலும் பரவாயில்லை. இந்த ஐந்தெழுத்து வடிவம்தான் ஆர்பியின் பாக்கெட்டில் பி மடிப்பில் உள்ள குழிவைப் பிடிக்கிறது. அடுத்து மனித சைக்ளின் டி1-ஐத் திறந்து 5 முதல் 9 வரை பாருங்கள். லியூசின், லியூசின், சிஸ்டீன், சிஸ்டீன், குளுட்டாமிக் அமிலம். அதே வடிவம்! முதல்முறை இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரலாம். உடனே, சைக்ளின் டி ஆர்பியைப் பிடிப்பது இதனால்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். பொறுங்கள். சைக்ளின் டி முக்கியமாகப் பிடிப்பது ஆர்பியின் வால்நுனியில் உள்ள ஒரு சுருளை என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. வடிவம் ஒத்திருப்பது நல்ல துப்பு. சோதனை செய்யும்வரை துப்பு மட்டும்தான்.

இப்போது ஹீலா செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து, அவருடைய சம்மதம் பெறாமல் எடுக்கப்பட்டவை. அவற்றில் பாப்பிலோமா வைரஸ் 18-ஆம் வகையின் டிஎன்ஏ சேர்ந்திருக்கிறது. ஹீலாவில் ஆர்பி1 மரபணு இருக்கிறது, புரதமும் உருவாகிறது. ஈ7 அந்தப் புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை. டிஎன்ஏவை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தவர் இந்தச் செல்லில் ஆர்பிக்குக் கோளாறே இல்லை என்று எழுதிவிடுவார்.

இதோடு பி16 என்ற புரதத்தையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். அது சிடிகே4, சிடிகே6 இரண்டையும் தடுத்து ஆர்பிக்குத் துணை நிற்பது. ஆர்பி செயலிழந்த செல்லில் பி16 குறைவாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு: பெரும்பாலும் எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. ஆர்பி போனபின் பி16 எவ்வளவு கூடினாலும் தடுக்க ஒன்றுமில்லை, அதனால் செல்லும் நிற்பதில்லை. தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் பாப்பிலோமா வைரஸின் கைவரிசை இருக்கிறதா என்று பார்க்க, நோயியல் வல்லுநர்கள் திசுவில் பி16 சாயத்தைத் தேடுவது இதனால்தான்.

ஸ்ட்ரிங் போன்ற தளத்தில் ஆர்பியின் கூட்டாளிகளைத் தேடினால் கம்பிவலைபோல ஒரு படம் வரும். கோடுகளை எல்லாம் நம்ப வேண்டாம். இரண்டு பெயர்கள் ஒரே கட்டுரைச் சுருக்கத்தில் வந்திருந்தாலும் அது கோடு போட்டுவிடும். அமைப்புகளில் போய், சோதனைச் சான்று உள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

படி 8: மாற்றங்களைப் படிப்பது

மரபணு மாற்றங்களையும் அவற்றுக்கு நோயோடு உள்ள தொடர்பையும் தொகுக்கும் கிளின்வார் தளத்தில் ஆர்பி1-ஐத் தேடினால் வரும் பட்டியலைப் பார்த்து மிரளாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து முழுதாகப் படியுங்கள்: சி.958சி>டி. முன்னால் உள்ள சிறிய சி, புரதச் செய்தியின் வரிசையில் எண்ணுகிறோம் என்று சொல்கிறது; தொடக்கச் சொல்லின் முதல் எழுத்து 1. அந்த வரிசையில் 958ஆவது இடத்தில் சி இருக்க வேண்டியது டி ஆகியிருக்கிறது. 320-ஐ மூன்றால் பெருக்கினால் 960; ஆக 958, 959, 960 மூன்றும் 320ஆவது அமினோ அமிலத்துக்கானவை. அங்கே சிஜிஏ என்று ஆர்ஜினினைக் குறித்த சொல், டிஜிஏ ஆகி ‘இங்கே நிறுத்து’ என்று மாறிவிடுகிறது. பாக்கெட் தொடங்குவதே 373-இல். அதற்கு முன்பே வாக்கியம் முடிந்துவிட்டது.

இந்த மரபணுவில் சிஜிஏ, டிஜிஏ ஆகும் மாற்றம் உலகின் பல குடும்பங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. 552, 579 ஆகிய இடங்களிலும் இதே கதைதான். சி-க்கு அடுத்து ஜி வரும் இடங்களில் சி-யின்மீது மீத்தைல் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட சி தானாகவே சிதைந்து டி ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். வேதியியலின் சாதாரண விபத்து.

அடுத்து சி.1981சி>டி-யைப் பாருங்கள். இது 661ஆவது ஆர்ஜினினை டிரிப்டோஃபேனாக மாற்றுகிறது. வாக்கியம் நிற்கவில்லை, ஒரு சொல் மட்டும் மாறியது. புரதம் முழு நீளத்துக்கு உருவாகிறது, கொஞ்சம் வேலையும் செய்கிறது. இந்த மாற்றம் உள்ள குடும்பங்களில் அதைச் சுமந்தும் கட்டியே வராதவர்கள் பலர். ஒரே மரபணு, ஒரே வகை எழுத்து மாற்றம், விளைவு வேறு.

கிளின்வாரில் ஒவ்வொரு பதிவுக்கும் நட்சத்திரம் உண்டு, பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நோய்க்குக் காரணம் என்று போட்டிருப்பதைவிட எத்தனை நட்சத்திரம் என்பதை முதலில் பாருங்கள். வல்லுநர் குழு பார்த்தது மூன்று. நட்சத்திரமே இல்லாத பதிவில் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கான அடிப்படையே கொடுக்கப்பட்டிருக்காது.

படி 9: நோயோடு இணைக்கும்போது

ஆர்பி1-ஐப் புற்றுநோய் மரபணு என்று அழைக்காதீர்கள். புற்றுநோயைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. அதை இழந்தால்தான் தொல்லை. விழித்திரைப் புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஆல்ஃபிரெட் நட்சன் 1971-இல் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டார். இரு கண்களிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு அது சீக்கிரமே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குத் தாமதமாக. முதல் குழுவில் பலர் பிறக்கும்போதே ஒரு சேதத்தோடு பிறக்கிறார்கள், இன்னொன்று நேர்ந்தால் போதும். இரண்டாம் குழுவில் ஒரே செல்லில் இரண்டு சேதங்களும் புதிதாக நேர வேண்டும் என்று அவர் ஊகித்தார். மரபணு கையில் கிடைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, வயதுக் கணக்கை வைத்து மட்டும்! ஆர்பி1-க்கு நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் போனால்தான் பிடி முற்றிலும் விடும்.

மரபுவழிச் சேதத்தோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பான்மையோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. சேதம் கருவணுவிலோ கருவின் தொடக்கத்திலோ புதிதாக நேர்ந்திருக்கும். பெற்றோர்மீது பழி போடுவதற்கு இதில் எதுவுமே இல்லை. யாராவது கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகவோ கறுப்பாகவோ இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல நேரம் அது வேறு காரணமாக இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவாக இருக்கலாம். சீக்கிரம் கண்டால் உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.

யாருடைய சோதனை அறிக்கையையாவது கையில் வைத்துக்கொண்டு தரவுத்தளத்தில் தேடி விளக்கம் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். ஒரு சிறு பங்குக் கட்டிகள் ஆர்பி1 முழுதாக இருக்கும்போதே, எம்ஒய்சிஎன் என்ற வேறொரு மரபணு பெருகியதால் வருகின்றன. சிலருக்கு உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் மாற்றம் இருக்கும். இரத்தச் சோதனையில் அது தெரியாமல் போகலாம். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க மரபியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

மருந்தின் பக்கம் வந்தால் மூன்றாவது கேள்வி நேரடியாகச் சிகிச்சையாகிறது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப், சிடிகே4, சிடிகே6 இரண்டையும் தடுத்து, ஆர்பியின்மீது பாஸ்பேட் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. பல மார்பகப் புற்றுநோய்களில் ஆர்பி சேதமில்லாமல்தான் இருக்கிறது, ஓயாமல் பாஸ்பேட் ஏறியபடி. அங்கே இந்த மருந்துக்கு வேலை உண்டு. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் ஆர்பி1 இழக்கப்பட்டிருக்கிறது. அங்கே மருந்து மீட்டெடுக்க ஆர்பியே இல்லை.

படி 10: கட்டுரைகளுக்குள் இறங்குவது

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் முதலில் மீளாய்வுக் கட்டுரைகளை மட்டும் காட்டச் சொல்லி, அண்மையில் வந்த ஒன்றை முழுதாகப் படியுங்கள். பிறகு மூலக் கட்டுரைகளுக்குப் போங்கள். எதைத் திறந்தாலும் முடிவுரைக்கு முன்னால், எந்தச் செல்லில் செய்தார்கள் என்று பாருங்கள். சாவோஸ்-2 எலும்புப் புற்றுச் செல்லிலும், சி33ஏ கருப்பைவாய்ப் புற்றுச் செல்லிலும் வேலை செய்யும் ஆர்பி கிடையாது. ஆர்பியை வெளியிலிருந்து சேர்த்துப் பார்க்கும் சோதனைகளுக்கு அதனால்தான் இவற்றை எடுக்கிறார்கள். யூ2ஓஎஸ், எம்சிஎஃப்-7 இரண்டிலும் ஆர்பி இருக்கிறது, பி16 இல்லை. ஒரே மருந்துக்கு இவை வேறு வேறு விதமாக நடந்துகொண்டால் வியக்க வேண்டியதில்லை.

எலியில் செய்தது என்றால் இன்னும் கவனம். ஒரு பிரதி ஆர்பி1 இழந்த மனிதக் குழந்தைக்கு விழித்திரையில் கட்டி வருகிறது. அதே நிலையில் உள்ள எலிக்கு விழித்திரையில் வருவதில்லை. பிட்யூட்டரி சுரப்பியில் வருகிறது. எலியின் விழித்திரையில் ஆர்பி இல்லாதபோது அதன் உறவினரான பி107 இடத்தை நிரப்பிவிடுகிறது. படி 1-இல் தள்ளிவைத்த ஆர்பிஎல்1 என்ற மரபணுவின் புரதம்தான் அது.

இவ்வளவும் முடிந்தபின் அடுத்த மரபணுவாக சிடிகேஎன்2ஏ-யை எடுங்கள். பி16 புரதம் அதிலிருந்துதான் வருகிறது. அதே மரபணு, அதே எழுத்துகளை வேறு சட்டகத்தில் படித்து பி14ஏஆர்எஃப் என்ற இன்னொரு புரதத்தையும் தருகிறது. அது ஆர்பியின் பக்கம் போகாமல், கட்டியைத் தடுக்கும் இன்னொரு புரதமான பி53-ஐக் காப்பாற்றப் போகிறது. அங்கே ஒரு மாற்றத்தைப் பார்த்தால் நோட்டில் உள்ள மூன்று கேள்விகளையும் இரண்டு புரதங்களுக்கும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கும்.